மண்ணை அரித்தவர்களிடம் கேட்டறிந்த வாரன்

சுவாமிமலையில் காவிரியின் படித்துறையில் என் இளமைக் காலத்தில் ஒரு காட்சியை அடிக்கடி கண்டிருக்கிறேன். ஆற்றில் நீர் வற்றிய மாதங்களில், குழிந்த மரத்தட்டு ஒன்றை ஏந்திச் சிலர் வருவார்கள். படித்துறையின் அடிப்படியை ஒட்டிய மணலை அள்ளித் தட்டில் இட்டு, தேங்கிய நீரில் சாய்த்துச் சாய்த்து அரிப்பார்கள். மண் கரையும்; மணல் வழியும்; கனமானவை மட்டும் தட்டின் அடியில் தங்கும். ஆடிப்பெருக்கில் பெண்கள் தவறவிட்ட திருகாணி, குழந்தையின் அரைஞாண் மணி, செல்லாத காசு என்று ஏதேனும் ஒன்று கிடைக்கும். என் அத்தை நீராடும்போது தொலைத்த மூக்குத்தி, இரண்டு ஆண்டுகள் கழித்து அப்படியொரு தட்டில் மீண்டது. கண்டெடுத்த அம்மையாருக்கு ஒரு மரக்கால் நெல்லும் ஒரு புடவையும் கொடுத்து அத்தை அதை வாங்கிக்கொண்டார். அந்த ஊதியம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று எவரும் கேட்கவில்லை. ஆற்றில் கிடப்பது தேடுபவருக்கும் உரியது, இழந்தவருக்கும் உரியது என்ற எழுதாத வழக்கம் ஒன்று அங்கே இருந்தது.

அந்தத் தட்டும் அந்த அரிப்பும் பல ஆண்டுகளுக்குப் பிறகு, சற்றும் எதிர்பாராத ஒருவரின் வரலாற்றில் என் கண்ணில் பட்டன. தமிழகத்துப் பஞ்சாங்கக் கணிதம் பற்றிப் படிக்கப்போய், ஜான் வாரன் என்பவரைச் சந்தித்தேன். வானியல் வரலாறு அவரைச் சென்னை வான்காணகத்தின் அதிகாரியாக அறியும். சுரங்க வரலாறு அவரைக் கோலார் தங்கத்தை நவீன உலகின் ஏடுகளில் முதலில் பதித்தவராக அறியும். பொது நிலத்தில் பொன் தேட யாருக்கு உரிமை என்னும் கேள்வி இன்றும் நம் நாட்டில் சரியாக விடையளிக்கப்படாமல் இருப்பதால், அவருடைய வாழ்க்கையை இந்தக் கோணத்தில் நினைவுகூர்வது தகும் என்று கருதுகிறேன்.

வாரன் பிறப்பால் ஆங்கிலேயர் அல்லர். அயர்லாந்து வழிவந்த ஒரு பிரெஞ்சுப் பிரபுக் குடும்பத்தின் மைந்தர். 1769-இல் இத்தாலியின் லிவோர்னோ நகரில் பிறந்தார். ழான் பப்டிஸ்ட் பிரான்சுவா ஜோசப் த வாரன் என்பது இயற்பெயர். பிரெஞ்சுப் புரட்சி பிரபுக்களின் உலகைத் தலைகீழாக்கியபோது நாட்டைவிட்டு வெளியேறியவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் இந்தியா வந்து, ஆங்கிலேயரின் 33-ஆம் படைப்பிரிவில் அலுவலரானார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானுக்கு எதிராகப் போரிட்ட படைகளுள் அந்தப் பிரிவும் இருந்தது. தாய்நாட்டில் பட்டமும் நிலமும் இழந்த ஒருவர், தன் நாட்டுக்குப் பகையான அரசின் சீருடையில், இன்னொருவரின் நாட்டை அளக்க வந்து சேர்ந்தார்.

போர் முடிந்ததும் அளவை தொடங்கியது. வில்லியம் லாம்டன் மேற்கொண்ட முக்கோணவியல் நில அளவையில் வாரன் துணைநின்றார். காலின் மெக்கன்சியின் தலைமையில் மைசூர் நாட்டை அளந்த குழுவிலும் பணியாற்றினார். 1802-இல் மைசூரின் கிழக்கெல்லையை வரையறுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. எல்லைக் கற்களை நடுவதற்காகக் கோலார்ப் பகுதியில் அலைந்தபோதுதான், அந்த மண்ணில் பொன் கிடைக்கிறது என்னும் ஊர்ப்பேச்சு அவர் காதில் விழுந்தது.

இப்பேச்சைக் கேட்ட அதிகாரி வேறொருவராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அல்லது ஊராரை மிரட்டி இடத்தைக் காட்டச் சொல்லியிருக்கலாம். வாரன் ஓர் அறிவிப்புச் செய்தார். பொன் இருக்கும் மண்ணைக் காட்டுபவருக்குப் பரிசு உண்டு என்றார். சில நாள்களில் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மாட்டு வண்டிகளில் மண் வந்து இறங்கியது. மக்கள் அவர் கண்முன்னே அந்த மண்ணை நீரில் அரித்தார்கள். தட்டின் அடியில் பொன் துகள்கள் மின்னின. மாரிக்குப்பம் போன்ற இடங்களில், ஊரார் கையால் குடைந்த குழிகளுக்குள் இறங்கிக் கல்லை உடைத்து வருவதையும், பெண்கள் அந்தக் கல்லைப் பொடியாக்கிக் கழுவுவதையும் அவர் கண்டார். உயிரைப் பணயம் வைத்துக் குழிக்குள் இறங்கியவர்கள் சாதிப் படிநிலையில் ஒடுக்கப்பட்டிருந்த மக்கள். நிலவியல் என்னும் துறையே அப்போதுதான் ஐரோப்பாவில் தளிர்விட்டுக்கொண்டிருந்தது. எந்த மண்ணில் எந்த நிறத்துக் கல் இருந்தால் அதில் பொன் இருக்கும் என்பதை இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள்.

வாரன் கண்டதையெல்லாம் அறிக்கையாக எழுதினார். கம்பெனி அரசு அதைப் படித்ததோடு சரி. பெரிய அளவில் எதுவும் நடக்கவில்லை. ஊராரின் தட்டுகள் மேலும் அரை நூற்றாண்டு அந்த மண்ணை அரித்துக்கொண்டிருந்தன. வாரன் தம் அடுத்த பணிக்குச் சென்றார்.

அந்தப் பணி வானத்தைப் பற்றியது. சென்னை நுங்கம்பாக்கத்து வான்காணகத்தின் பொறுப்பாளர் கோல்டிங்காம் விடுப்பில் சென்றமையால், 1805 முதல் சில ஆண்டுகள் வாரன் அந்த இடத்தில் அமர்ந்தார். சென்னையின் நெடுங்கோட்டை 80 பாகை 17 கலை 21 விகலை எனக் கணித்தார். நுட்பமான கருவிகள் பிற்காலத்தில் அதனைச் சற்றுத் திருத்தின. எனினும் நெடுங்காலம் இந்திய நில வரைபடங்கள் அந்த எண்ணையே அடிப்படையாகக் கொண்டிருந்தன.

பிரான்சில் மன்னராட்சி மீண்டபோது 1815-இல் அவர் தாயகம் திரும்பித் தம் பட்டத்தை மீட்டுக்கொண்டார். ஆயினும் அங்கே தங்கவில்லை. மீண்டும் தமிழ் மண்ணுக்கு வந்து புதுச்சேரியில் குடியேறினார். அங்கே அவர் எழுதிய பெருநூல்தான் கால சங்கலிதம். 1825-இல் சென்னையில் அச்சாகிய அந்நூல், தென்னிந்திய மக்கள் காலத்தை எவ்வாறெல்லாம் பகுத்தார்கள் என்பதைக் கணித முறைகளோடு விளக்குகிறது.

அந்த நூலில் வரும் ஒரு நிகழ்ச்சிதான் கோலாரில் நடந்ததன் பொருளை எனக்குத் தெளிவாக்கியது. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரை வாரன் தேடிச் சென்றார். அந்த மனிதர் ஏடு எதையும் புரட்டவில்லை; எழுதுகோலையும் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களிலிருந்து எண்களை மீட்டெடுத்து, சோழிகளை நகர்த்தி நகர்த்தியே 1825-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அறிவியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நியூகபவர் 1952-இல் இந்தக் கணக்கைச் சோதித்தார். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் என்ற அளவிலேதான் அது பிசகியிருந்தது. வான்காணகத்தை நடத்திய ஒருவர், தரையில் அமர்ந்து சோழி நகர்த்தியவரின் முன்னே மாணவராக அமர்ந்து ஒவ்வொரு படியையும் எழுதிக்கொண்டார். அவர் எழுதியிராவிட்டால் அந்த முறை நமக்கு எட்டியிருக்குமா என்பது ஐயமே.

கோலாரிலும் புதுச்சேரியிலும் வாரன் செய்தது ஒன்றே. கையால் அறிந்தவர்களிடம் போய்க் கேட்டார்; கேட்டதை அவர்களுடைய அறிவாகவே பதிவுசெய்தார். 1830-இல் புதுச்சேரியில் அவர் காலமானார். கோலாரிலிருந்து அவர் ஈட்டிய செல்வம் எதுவும் இல்லை.

அவர் மறைந்த பிறகு நடந்தவைதாம் இன்றைய சட்டங்களின் முன்கதை.

கையால் குடைந்த குழிகளில் விபத்துகள் நேர்ந்து உயிர்கள் போயின. அதைக் காரணம் காட்டி, 1859-இல் நிலத்தடியில் இறங்கித் தோண்டுவதை அரசு தடைசெய்தது. தடையின் நோக்கத்தைக் குறைகூற முடியாது. ஆனால் தொழிலைப் பாதுகாப்பானதாக மாற்ற அரசு முனையவில்லை; தொழிலையே நிறுத்தியது. ஊரார் கையிலிருந்து மண் இவ்வாறு விலகியது.

12 ஆண்டுகள் கழித்து, 1871-இல், மைக்கேல் லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டியில் கோலாருக்குப் புறப்பட்டார். நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வுபெற்ற படைவீரர் அவர். வாரனின் பழைய அறிக்கை அவர் கண்ணில் பட்டிருந்தது. 1873-இல் அவர் மைசூர் அரசிடம் விண்ணப்பித்தார். 1875-இல் 20 ஆண்டுக் குத்தகை பெற்றார். போதிய முதல் இல்லாமையால் உரிமை அவரிடமிருந்து கைமாறி, 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்தின்கீழ் பெருஞ்சுரங்கம் எழுந்தது. ஊராரின் அறிவு வாரனின் அறிக்கையாயிற்று. அறிக்கை லவெலின் குத்தகையாயிற்று. குத்தகை இலண்டன் பங்குச் சந்தையின் சொத்தாயிற்று. சங்கிலியின் முதல் கண்ணியாக இருந்தவர்களுக்கு அதில் எஞ்சியது கூலி வேலை மட்டுமே.

அந்தக் கூலிகளில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழர்கள். பின்னர் வந்த சுரங்கச் சட்டங்கள், அவர்களில் ஒருவர் கையில் பொன் கலந்த கல் இருந்தாலே அவரைக் குற்றவாளியாகப் பார்த்தன. எண் பொறித்த உலோகக் காப்பு அவர்கள் மணிக்கட்டில் ஏறியது. கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கியபோது, 1930-இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்பு பரிசு அறிவித்து வரவேற்கப்பட்ட அறிவு, சந்தேகத்துக்குரிய நடத்தையாக மாறியிருந்தது.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. கோலார்ச் சுரங்கங்களின் பொறிகளை இயக்குவதற்காகவே 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டு, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி வழியே கொண்டுசெல்லப்பட்டது. அந்த மின்சாரம் ஆண்டு முழுவதும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது, 1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் அணையின் நோக்கங்களுள் ஒன்று. 1924-ஆம் ஆண்டு ஒப்பந்தமும் அதன் பின்னான வழக்குகளும் தஞ்சை உழவர்கள் அறிந்தவை. பொன்னி என்று நாம் அழைக்கும் ஆற்றின் நீர், உண்மையிலேயே பொன்னுக்காகத் திருப்பப்பட்ட வரலாறு இது. 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கத்தை ஈந்தபின், 2001 பிப்ரவரி 28-இல் கோலார்ச் சுரங்கங்கள் மூடப்பட்டன.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். பொன் தேடுவதைத் தொழிலாகக் கொள்ளாமல், விடுமுறை நாளில் ஒரு தட்டோடு ஆற்றங்கரைக்குச் செல்லும் பொழுதுபோக்காகச் செய்ய இந்தியாவில் ஒருவர் விரும்பினால், சட்டம் என்ன சொல்கிறது?

1957-ஆம் ஆண்டுச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, உரிமம் இன்றி எவரும் கனிமத்தைத் தேடவோ தோண்டவோ கூடாது. பொன், மணலையும் களிமண்ணையும் போன்ற சிறுகனிமம் அன்று. மாநில அரசு தன் விருப்பப்படி விதி வகுத்து எளிதில் அனுமதி தரக்கூடிய பட்டியலில் அது இல்லை. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏலத்தை அடிப்படை முறையாக்கியது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம், பொன் உள்ளிட்ட ஆழ்நிலைக் கனிமங்களைத் தேட ஆய்வு உரிமம் என்ற புதிய வகையை உருவாக்கியது. அதுவும் ஏலம் எடுக்கும் நிறுவனங்களுக்கானதே. மீறியவருக்கு 5 ஆண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 21-ஆம் பிரிவு இடமளிக்கிறது. காப்புக் காடாக இருந்தால் வனச் சட்டங்கள் தனியே பாயும். மண்வாரும் பொறியோடு வருபவரும் மரத்தட்டோடு வருபவரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஒருவரே. கைத்தட்டுக்கு என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

இதனால் பொன் அரிப்பு நின்றுவிட்டதா? இல்லை. கேரளத்து நிலம்பூரில் சாலியாற்றின் கரையிலும், ஜார்க்கண்டில் பொன்னின் பெயரையே தாங்கிய சுவர்ணரேகை ஆற்றிலும் ஏழை மக்கள் இன்றும் மணலை அரிக்கிறார்கள். நாள் முழுதும் உழைத்தால் அரிசிமணி அளவில் சில துகள்கள் கிடைக்கும். சட்டம் அவர்களைக் கண்டும் காணாமலும் விடுகிறது. அல்லது திடீரென ஒருநாள் பிடிக்கிறது. இரண்டுமே நீதியன்று. சட்டம் இடம் தராத தொழிலில், அச்சுறுத்திப் பணம் பறிப்பவருக்கும் அடிமாட்டு விலைக்கு வாங்கும் இடைத்தரகருக்கும் தாராளமாக இடம் கிடைத்துவிடுகிறது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நம் நீலகிரியின் கூடலூர், பந்தலூர், தேவாலாப் பகுதிகளில் 1880-ஐ ஒட்டி ஒரு பொன்வேட்டை நடந்தது. இலண்டனில் கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் பறந்தன, சில ஆண்டுகளில் எல்லாம் சரிந்தன. அவர்கள் விட்டுச்சென்ற சுரங்கக் குழிகள் இன்றும் காட்டுக்குள் வாய் திறந்து கிடக்கின்றன. பொன் கிடைக்கும் என்று இரவில் அவற்றுக்குள் இறங்கியவர்கள் மூச்சுத் திணறியும் மண் சரிந்தும் இறந்திருக்கிறார்கள். பாதரசத்தால் பொன்னைப் பிரிப்பவர்கள் ஆற்றையும் மீனையும் தங்கள் குழந்தைகளின் நரம்புகளையும் நஞ்சாக்குகிறார்கள். உலகில் மனிதச் செயலால் வெளியாகும் பாதரசத்தில் மிகப் பெரும் பங்கு சிறுதொழில் பொன்னெடுப்பிலிருந்தே வருகிறது. அதைக் கட்டுப்படுத்தும் மினமாத்தா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்டது. எனவே விதியே வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. கைக்கும் பொறிக்கும், ஆற்று மணலுக்கும் சுரங்கக் குழிக்கும் உள்ள வேறுபாட்டை விதி அறிந்திருக்க வேண்டும் என்பதே கேள்வி.

வேறு நாடுகள் இந்த வேறுபாட்டை எப்படிக் கற்றுக்கொண்டன என்பதைப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பொன் தேடுவோரிடம் மாதந்தோறும் கடுமையான உரிமக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. கட்ட முடியாதவர்களைக் காவலர்கள் வேட்டையாடினார்கள். அதன் விளைவாக 1854 டிசம்பரில் பல்லாரட் நகரின் யுரேகா அரணில் இரத்தம் சிந்தியது. மறு ஆண்டே மாதக் கட்டணம் ஒழிந்து, ஆண்டுக்கு ஒரு பவுன் செலுத்திப் பெறும் சுரங்கர் உரிமை வந்தது. அந்த உரிமை இன்றும் உயிரோடு இருக்கிறது. சிறு கட்டணம் செலுத்தினால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். கைக்கருவிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும். தோண்டிய குழியை மூட வேண்டும். பூர்வகுடிகளின் மரபிடங்களைத் தொடக்கூடாது. பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் அனுமதி இல்லை. கிடைத்த பொன் தேடியவருக்கே சொந்தம். நியூசிலாந்தில் இதற்கென்றே சில ஆற்றங்கரைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கே பொறியில்லாக் கைக்கருவியோடு செல்வோருக்கு அனுமதிச் சீட்டே தேவையில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவோ, ஆற்றடி மணலை உறிஞ்சி எடுக்கும் பொறிகளை மீன்வளம் கருதி 2009 முதல் தடுத்துவைத்தது. தட்டை ஏந்துபவரை அது விலக்கவில்லை. மூன்று இடங்களிலும் எல்லைக்கோடு ஒரே இடத்தில்தான் விழுகிறது: கை வரலாம், பொறி வரக்கூடாது.

அந்நிய நாடுகள் வரை போவானேன்? நம் சட்டங்களிலேயே இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன.

முதலாவது, 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். சோழ மண்டலத்தில் இதற்கு அடிக்கடி வேலை உண்டு. உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ திருமேனி கிடைத்தால், வட்டாட்சியருக்குச் சொல்ல வேண்டும் என்பது இங்கே சிறுவரும் அறிந்தது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். உரியவர் எவரும் இல்லையென்றால், வேறு உடன்பாடு இல்லாதபோது, நான்கில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்குரியவருக்கு. அரசே எடுத்துக்கொள்வதானால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். காலனி ஆட்சி இயற்றிய சட்டம்தான். ஆனாலும் கண்டெடுத்தவரின் கண்ணுக்கும் கைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது. மனிதர் புதைத்த பொன்னைக் கண்டவருக்குப் பங்கு உண்டு. இயற்கை புதைத்த துகளைக் கண்டவருக்குச் சிறைதான் என்பது என்ன முறை?

இரண்டாவது முன்மாதிரி என் ஊரிலிருந்தே கிடைக்கிறது. சுவாமிமலையின் சிற்பத் தொழில் இங்கே வேரூன்றியதற்குக் காவிரியின் வண்டல் மண்ணே காரணம். மெழுகில் வடித்த உருவத்தின்மேல் அந்த மென்மையான மண்ணைப் பூசினால்தான், விரல் நகத்தின் கோடுகூட உலோகத்தில் பதியும். பிறகு மெழுகை உருக்கி வடித்து, பஞ்சலோகக் குழம்பை ஊற்றுவார்கள். செம்பு, பித்தளை, ஈயம் ஆகியவற்றோடு வெள்ளியும் பொன்னும் அணுவளவு சேரும். திருமேனி செய்யச் சொன்னவர்கள் தம் காதணியையோ மோதிரத்தையோ உலைக்குள் இடுவதை நான் கண்டிருக்கிறேன். அந்த வார்ப்புக்கு வேண்டியது சில கூடை மண். ஆற்றையே விழுங்கும் மணல் கொள்ளையைத் தடுக்க வந்த விதிகள், இந்தக் கூடைகளையும் லாரிகளையும் ஒன்றாக எண்ணினால் தொழில் நின்றுபோகும். இந்த வேறுபாடு அரசுக்குப் புரியாததன்று. ஏரி, குளங்களின் வண்டலையும் களிமண்ணையும் உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள, வட்டாட்சியர் மட்டத்திலேயே அனுமதி தரும் வகையில் 2024-இல் தமிழக அரசு விதிகளை எளிதாக்கியது. கூடைக்கு ஒரு விதி, லாரிக்கு ஒரு விதி என்பது நடைமுறைக்கு ஒத்ததுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதே நெறியைப் பொன்னுக்கும் நீட்டலாம். ஆற்று மணலைக் கைத்தட்டால் அரிப்பதற்கு, வட்ட அளவில் எளிய அனுமதிச் சீட்டு ஒன்று தரப்படட்டும். பொறி, வெடிமருந்து, பாதரசம் மூன்றும் முற்றாக விலக்கப்படட்டும். கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் வேலியிட்டு மூடப்படட்டும். அங்கே எவருக்கும் அனுமதி வேண்டாம். காப்புக் காடும் விலங்கு உறைவிடமும் எல்லைக்கு வெளியே இருக்கட்டும். கிடைக்கும் துகளுக்கு ஓர் அளவு வரம்பு இருக்கட்டும். அதற்குள் கிடைப்பது தேடியவருக்கே உரியதாகட்டும். வயிற்றுக்காக அரிப்பவருக்கு முதலுரிமை. ஆர்வத்துக்காக அரிப்பவருக்கு அடுத்த இடம். இதற்கு நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டும். ஏனெனில் பொன்னைப் பற்றிய அதிகாரம் மத்தியச் சட்டத்தில் இருக்கிறது.

இவ்வளவு சிறிய செயலுக்குச் சட்டத்திருத்தம் தேவையா என்று கேட்கலாம். இழப்பு பொன்னில் மட்டும் இல்லை என்பதே என் விடை. மண்ணைப் பார்த்து அதன் உள்ளடக்கத்தை அறியும் கண், நீரின் சாய்வில் கனத்தைப் பிரிக்கும் கை ஆகிய இரண்டும் ஒரு தலைமுறை பயன்படுத்தாவிட்டால் மறைந்துபோகும். கோலாரில் மலைபோல் குவிந்து கிடக்கும் 3.3 கோடி டன் சுரங்கக் கழிவிலிருந்து எஞ்சிய பொன்னை எடுக்க இன்று பெருந்திட்டம் பேசப்படுகிறது. அந்தக் குவியலின் அடிவாரத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள், முன்பு தங்கள் பாட்டனார் அணிந்த காப்பைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுத் திட்டமிட வேண்டும் என்னும் எண்ணம் எத்தனை அலுவலகங்களில் எழும்?

வாரனை நான் போற்றி வழிபட எழுதவில்லை. அவர் ஓர் ஆதிக்க அரசின் அளவையாளர். அவருடைய அறிக்கைதான் ஊராரின் மண்ணைப் பறிக்கும் கருவியாயிற்று. ஆயினும், அதிகாரம் கையில் இருந்த ஒருவர், பொன் எங்கே என்று மண்ணை அரிப்பவரிடமும், கிரகணம் எப்போது என்று சோழி நகர்த்துபவரிடமும் போய்க் கேட்டார். 200 ஆண்டுகள் கழித்து, நமக்காக நாமே இயற்றிக்கொண்ட சட்டம் அந்த அளவுகூடக் கேட்கவில்லை என்பது நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது.

சுவாமிமலைப் படித்துறைக்கு அண்மையில் சென்றிருந்தேன். மணல் குறைந்து பாறைத்திட்டும் புதருமாகக் கிடந்தது. தட்டேந்தியவர் எவரும் இல்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரித்தேன். சொல்லத் தெரிந்தவர் கிடைக்கவில்லை. என் அத்தையின் மூக்குத்தியை மீட்டுத் தந்த அம்மையாரின் பெயரை நான் அன்றே கேட்டு வைத்திருக்க வேண்டும்.